சாப்பாட்டு நேர இங்கிலீஷ்

ஜூலை 8, செவ்வாய்

மேகமூட்டம். புழுக்கம். ஏரிப் பக்கமிருந்து காற்றே இல்லை. மோட்டார் போட்டு டேங்க் நிரப்பியாச்சு. கேஸ் புக் செய்ய வேண்டும். மின்விசிறியில் சத்தம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

இடது கண் இன்னும் மங்கல், புரை. டியூப் லைட்டைச் சுற்றி வட்டம் தெரிகிறது. எழுதும்போதே வரி மேலே ஏறிப் போகிறது, அதனால் பெரிய எழுத்து. டைரியை விட மனமில்லை. ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்த காலத்துப் பழக்கம். பார்த்ததை அன்றைக்கே எழுதாவிட்டால் மறுநாள் எல்லாரும் அப்படி ஒன்றும் இல்லையே என்பார்கள்.

ராத்திரி சாப்பாட்டில் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். மகன் பிரபுவும் மருமகள் ஜெனியும். என் எதிரிலேயே, சட்னிக் கிண்ணத்தை நகர்த்திக்கொண்டே, இங்கிலீஷில். என்னிடம் என்றால் தமிழ். "மாமா, இன்னொரு தோசை வைக்கவா?" உடனே தலையைத் திருப்பி அவனிடம் இங்கிலீஷ். குரலும் தாழ்ந்துவிடும்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைக்கிறார்கள். பாதி உண்மை. மெஷின் ட்ராயிங் பார்த்தே காலம் தள்ளியவன், பெரிய வார்த்தைகள் தெரியும். இன்று பிடித்தவை: ஆபரேஷன். ரென்ட். மாங்காடு. டெசிஷன். நடுவே "நைனா". பிரபு எந்த மொழியில் பேசினாலும் நைனாதான், வேறு வார்த்தை அவனிடம் இல்லை. பாதியில் அவனுக்கே உறைத்து "ஹி" என்று மாற்றிக்கொண்டான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பெயரை மறைத்துப் பேசுகிறவர்கள் நல்லது பேசுவதாகத் தெரியவில்லை.

பெரிய வார்த்தைகளுக்கு நடுவில் பொடி வார்த்தைகள். இஃப், ஃபார், பட், அன்டில், எக்ஸெப்ட். இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. எது எதோடு சேருகிறது என்று தெரியாமல் ஒன்றும் விளங்கவில்லை. பார்ட்டெல்லாம் கையில் இருக்கிறது, போல்ட்டு மட்டும் இல்லை.

வீடு என் பேரில் இருக்கிறது. பிரபுவின் அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது இது ஒன்றுதான். அவர்கள் இருவருக்கும் அது தெரியும்.

ஜூலை 10, வியாழன்

காலையில் தூறல். எலக்ட்ரீஷியன் வரவில்லை.

டீக்கடையில் முனிரத்தினம். என்னோடு ஃபேக்டரியில் இருந்தவன். எந்த விஷயத்துக்கும் கையோடு தீர்ப்பு வைத்திருப்பான்.

"இன்னா மாமே, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

சொன்னேன்.

"ஊட்ல இங்லீசு பேசிக்கினா ரெண்டே விசயந்தான். ஒண்ணு சண்டை, இல்ல சொத்து. சண்டைன்னா சத்தம் கேக்கும். கேக்குதா?"

"இல்ல. மெதுவாத்தான் பேசிக்கிறாங்க."

"அப்ப சொத்துதான். உசாரா இரு. மாங்காடுன்னு வேற சொல்ற. அங்க ரூமு எடுத்து உன்ன தனியா குந்த வெச்சிட்டு, இங்க பிளாட்டு கட்டிருவானுங்கோ."

சிரித்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டேன்.

அவனே சொன்னான். ஆவடி மார்க்கெட்டாண்ட, மொபைல் கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தருகிறார்களாம். "அவங்க பேசுறது நமக்குப் புரியட்டும். நமக்குப் புரியிறது அவங்களுக்குத் தெரிய வாணாம்." இவன் யூனியனில் இருந்திருக்க வேண்டியவன்.

ஜூலை 14, திங்கள்

வெயில். சேர்ந்தாச்சு.

வீட்டில் சொன்னது: ஏரிக்கரையில் வாக்கிங், டாக்டர் நடக்கச் சொன்னார். சட்டையை மாற்றி, பவுடர் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாக்கிங்குக்கு எதற்குப் பவுடர் என்று ஜெனி கேட்கவில்லை. பார்த்தாள். அவள் பார்த்ததை நானும் பார்த்தேன்.

மிஸ் பெயர் லாவண்யா. என் மகளாக இருக்கலாம் என்கிற வயசு. கிளாஸில் எல்லாரும் வேலை தேடும் பெண்கள். மிஸ் "மை நேம் இஸ்" என்று ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் வாணாம்மா. எனக்கு சின்ன வார்த்தைங்க மட்டும் சொல்லிக்குடு. ரெண்டு ரெண்டா சேந்துக்கினு வருதே, அது."

"எல்லாரும் பெரிய வார்த்தைதான் சார் கேப்பாங்க," என்று சிரித்தாள். எதற்கு என்று கேட்டாள். டைம் பாஸ் என்றேன். நம்பவில்லை. கெட்டிக்காரி.

எங்கள் ட்ராயிங் ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு வரி இருக்கும், "அன்லெஸ் அதர்வைஸ் ஸ்பெசிஃபைட்". அதைப் பார்த்துத்தான் அளவு சரியா இல்லையா என்று முடிவு செய்வேன். வரிக்கு அர்த்தம் இன்றுதான் தெரிந்தது. வேறு விதமாகச் சொல்லப்படாத வரை. இத்தனை காலம் குத்துமதிப்பாகவே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நல்ல வேளை, ஒன்றும் விழவில்லை.

திரும்பி வரும்போது ஜெனி தனியாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் லேப்டாப்பை மூடியதும் நானும் அவளும் உரிப்பது வழக்கம். அவள் ஆபீஸ் கதை சொல்வாள், நான் ஃபேக்டரிக் கதை. போன வாரம் வரை நடந்தது. இனி முடியாது.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. அம்மன் கோயில் ஸ்பீக்கர் விடியுமுன்னே. வேப்பிலைத் தோரணம் தெரு முழுக்க. கேஸ் வந்தது.

கிளாஸ்: "பட்" என்றால் ஆனால். "ஃபார்" என்றால் இன்னாருக்காக. இரண்டும் சேர்ந்தால் 'ஆனால்' என்பதும் இல்லை, 'இன்னாருக்காக' என்பதும் இல்லை. "பட் ஃபார் கன்னியப்பன்" என்றால், கன்னியப்பன் மட்டும் இல்லையென்றால். என் பேரையே வைத்துச் சொன்னாள் மிஸ். நல்ல உதாரணம் கிடைக்கவில்லையா இவளுக்கு.

ராத்திரி கேட்டேன். தெளிவாக, ஜெனி வாயிலிருந்து. "பட் ஃபார் மாமா..." அதற்கு மேல் ஸ்பீக்கரில் பாட்டு ஏறிவிட்டது. மீதி போச்சு.

மாமா மட்டும் இல்லையென்றால், என்ன? வீட்டை எப்போதோ கொடுத்திருப்போம். வேறு என்ன இருக்க முடியும். ரசம் ஊற்றினாள். சாப்பிட்டேன். நாக்கில் ஒன்றும் தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஜெனி பூசைக்குப் போய்விட்டு வரும் வழியில் மட்டன் வாங்கி வந்தாள். அவள் கத்தோலிக்க வீட்டுப் பெண். ஆடி மாசமும் அவளுக்கு ஒரு மாசம்தான். குழம்பு நன்றாக இருந்தது. அதைச் சொல்லவில்லை.

அவள் போன் சாப்பாட்டு மேஜையில். தானாக வெளிச்சம் வந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்டக் குனிந்து பார்த்தேன். வீட்டுப் படம். சிங்கிள் பெட்ரூம். கிரவுண்ட் ஃப்ளோர். மாங்காடு. முனிரத்தினம் வாயில் சர்க்கரை போட வேண்டும்.

கிரவுண்ட் ஃப்ளோர் யாருக்கு? என்னைப் போல முட்டி வலிக்காரனுக்குத்தானே.

இன்னொன்று. பிரபு கொஞ்ச நாளாக ஹாலில் படுக்கிறான். ஏசி ஒத்துக்கொள்ளவில்லையாம். என் ரூம் கதவு ஹாலைப் பார்த்துத்தான் இருக்கிறது. காவலா?

மத்தியானம் எல்லாரும் தூங்கும்போது பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்து, மஞ்சள் பையில் சுற்றி, முனிரத்தினம் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். சாவி இடுப்பில்.

சாயங்காலம் ஜெனி கேட்டாள். "மாமா, பீரோல ஏதாவது தேடுறீங்களா? நான் எடுத்துத் தரவா?"

"நீ இன்னாத்துக்குக் கேக்குற?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. உள்ளே போய்விட்டாள். குற்றமுள்ள முகம் என்று அப்போது தோன்றியது. எழுதி வைக்கிறேன்.

ஜூலை 24, வியாழன்

மழை ஒரு அடி அடித்து ஓய்ந்தது. செருப்பு அறுந்தது. தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

இன்றைய பாடம்: "நாட் அன்டில் ஆஃப்டர்". மூன்று வார்த்தையும் தனித்தனியாகத் தெரியும். சேர்த்தால் தலை சுற்றியது. மிஸ் விளக்கினாள். "எங்க வீட்ல ஆடி முடிஞ்ச அப்புறம்தான் நகை வாங்குவாங்க சார். அதுக்கு முன்னாடி கிடையவே கிடையாது. அதுதான்." புரிந்தது. இல்லை என்று சொல்லவில்லை. இப்போது இல்லை, அது முடியட்டும் என்கிற பேச்சு.

ராத்திரி பிரபு ஏதோ கேட்டான். ஜெனி தட்டைப் பார்த்துக்கொண்டே, "நாட் அன்டில் ஆஃப்டர் தி ஆபரேஷன்." முழுசாகக் காதில் விழுந்தது. புரையேறியது எனக்கு. தண்ணீர் எடுத்துத் தந்ததும் அவள்தான்.

ஆக, கண் ஆபரேஷன் முடியும் வரை பொறுத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் 6 என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். எதற்காக இவ்வளவு அக்கறை என்று யோசித்தேன். நல்ல ஆஸ்பத்திரியாகப் பார்த்தது, தினமும் எனக்குச் சர்க்கரை பார்ப்பது, லீவ் எடுத்து வைத்தது, எல்லாம் ஜெனி. பிறகு பிடிபட்டது. கையெழுத்துப் போடுகிறவனுக்குக் கண் தெரிய வேண்டும். கண் தெரியாதவன் போட்ட கையெழுத்து கோர்ட்டில் நிற்காது.

என்ன திட்டம். மருமகளா, வக்கீலா.

ஜூலை 29, செவ்வாய்

எழுத முடியுமா தெரியவில்லை. கண்ணில் மருந்தின் கூச்சம் இன்னும் இருக்கிறது. ஆனாலும் இன்றைக்கே எழுத வேண்டும்.

முகப்பேர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனை. சொட்டு விட்டுக் கண்ணை விரிய வைத்தார்கள். உலகமே வெள்ளை. கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். ஜெனி கையைப் பிடித்துக் காருக்குக் கூட்டி வந்து பின் சீட்டில் உட்கார வைத்தாள். பெல்ட்டும் அவளே போட்டாள். முன்னால் அவர்கள் இருவரும்.

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் நெரிசல். வண்டி நகரவில்லை. நான் தலையைச் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டேன். தூங்குகிறவனை யாரும் இன்ஸ்பெக்ட் செய்வதில்லை. ஆரம்பித்தார்கள். இங்கிலீஷில். ஸ்பீக்கர் இல்லை, மிக்ஸி இல்லை, ஏசி மட்டும். ஒரு சொல் தப்பவில்லை. புரிந்ததைத் தமிழில் எழுதுகிறேன்.

ஜெனி: ஆபரேஷன் முடிகிற வரை இந்தப் பேச்சு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

பிரபு: நீதான் வீடு பார்க்கிறாய்.

ஜெனி: எனக்குத்தானே பார்க்கிறேன். ஒரு ரூம் போதும், அம்மா வீட்டுப் பக்கம். மாமாவுக்கு ஒரு மாசம் சொட்டு மருந்து போட்டு முடித்துவிட்டுத்தான் போவேன். உனக்கு நேரமும் கிடையாது, பொறுமையும் கிடையாது.

ஹார்ன். யாரோ திட்டும் சத்தம்.

பிரபு: நைனாகிட்ட யார் சொல்வது?

ஜெனி: நீ சொல். உன் அப்பாதானே. நீயும் நானும் உட்கார்ந்து பேசி எத்தனை நாள் ஆச்சு என்று அதையும் சேர்த்துச் சொல். மாமா மட்டும் இல்லையென்றால் போன வருஷமே போயிருப்பேன். அந்த வீட்டில் என்னோடு உட்கார்ந்து பேசின ஒரே ஆள் அவர்தான். இப்போது அவரும் என்னைத் திருடியைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார். பீரோ சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்.

பிரபு கியரைப் போட்டான். வண்டி நகர்ந்தது.

கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. "மாமா, மருந்து எரியுதா?" என்று ஜெனி திரும்பிக் கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஜூலை 30, புதன்

என்ன வானிலை என்று பார்க்கவில்லை.

வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேடவில்லை, வெட்கம்தான். பொடி வார்த்தைகளைச் சரியாகத்தான் படித்தேன். ஸ்பீக்கர் விழுங்கிய இடத்தில் என் வீட்டை எடுத்து நானே வைத்தேன்.

முனிரத்தினம் வீட்டிலிருந்து மஞ்சள் பையை வாங்கி வந்துவிட்டேன்.

"இன்னாச்சு?"

"சொத்து இல்ல. சண்டைதான்."

"சத்தம் கேக்கலன்னியே."

"கேக்கற மாதிரி சண்டை போட்டா பரவால்லியே."

தெருமுனை வரைக்கும் கூடவே நடந்து வந்தான். எனக்குத் தெரிந்து முதல் தடவை.

கிளாஸுக்குப் போகவில்லை. சாயங்காலம் வெங்காயக் கூடையை நானே எடுத்து ஜெனி எதிரில் உட்கார்ந்தேன். "வாக்கிங் போகலையா?" என்றாள். முட்டி வலி என்றேன். பாதிக் கூடை உரித்தோம். பிறகு ஆபீஸில் புதிதாக வந்திருக்கும் மேனேஜரைப் பற்றிச் சொன்னாள். எல்லா வாக்கியத்தையும் "ஓகே வா" என்று முடிப்பானாம். சிரித்தேன், கொஞ்சம் அதிகமாகவே. அவள் நிமிர்ந்து பார்த்தாள். இப்போது சந்தேகம் அவள் முறை.

இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசலாமா? என்ன சொல்வது? ஒட்டுக் கேட்டேன் என்றா? பொம்பளை பொறுக்க முடியாமல் போகிறாள், அவளிடம் இருந்துவிடு என்று எந்த வாயால் சொல்வது. பிரபுவைக் கூப்பிட்டுத் திட்டலாம். திட்டினால் அவன் இன்னும் வாயை மூடிக்கொள்வான். அவன் அம்மா போன போதும் அப்படித்தான் இருந்தான்.

கெடு ஆபரேஷன் வரைக்கும். ஆபரேஷன் என் கண்ணில். அது மட்டும் என் கையில் இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கோயிலில் கூழ் ஊற்றினார்கள். சொம்பு எடுத்துப் போய் வாங்கி வந்தேன். ஜெனி முருங்கைக்கீரையோடு குடித்தாள்.

மெதுவாகப் போட்டேன். "ஆடில ஆபரேஷன் வாணாம்மா. ஆவணில பாத்துக்கலாம்."

"நீங்கதானே மாமா சீக்கிரம் தேதி வாங்குன்னு உயிரை எடுத்தீங்க? ஆடியெல்லாம் எப்பத்துலேர்ந்து பாக்குறீங்க?"

பிரபு: "நைனா, லீவ் போட்டாச்சு. ஒழுங்கா வா."

எடுபடவில்லை.

டீக்கடையில் முனிரத்தினம் தன் கதை மூட்டையை அவிழ்த்தான். அவனைக் கண் ஆபரேஷன் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். முந்தின நாள் கல்யாண வீட்டில் இனிப்பு. "சக்கர ஏறிக்கீது, எறங்கட்டும், அப்பால வான்னு தொரத்திட்டாங்க மாமே."

நான் அவனை இன்னொரு டீ குடிக்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 6, புதன்

லேசான வெயில். காலையில் பால் வாங்கப் போகிறேன் என்று கிளம்பி, பேக்கரியில் நின்றுகொண்டே ஜாங்கிரி. எத்தனை என்று எழுத மாட்டேன். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் சாமானைப் பிடித்து ரிஜெக்ட் போட்டவன், இன்று எனக்கு நானே போட்டுக்கொண்டேன். கடைசி ஜாங்கிரி தொண்டையில் இறங்கவில்லை. இறக்கினேன். விரலைச் சட்டைப் பையில் துடைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்த நர்ஸ் இன்னொரு விரலிலும் குத்தினாள். பிறகு டாக்டர். இன்று முடியாது, சர்க்கரை இறங்கட்டும். ஜெனிக்கு நம்ப முடியவில்லை. "நேத்து நான்தானே பாத்தேன், நார்மல்." மூன்று தடவை சொன்னாள்.

கார். பின் சீட்டு. இன்று கறுப்புக் கண்ணாடி இல்லை, தூக்கமும் இல்லை. ஆனால் அவர்கள் பழக்கம் விடவில்லை. ஜெனி இங்கிலீஷில் சொன்னாள், அவர் வேண்டுமென்றே ஏதோ சாப்பிட்டிருக்கிறார், சட்டைப் பையில் பிசுபிசுப்பு. பிரபு இங்கிலீஷில் கேட்டான், எதற்காக அப்படிச் செய்யப் போகிறார்?

"பிகாஸ் ஆஃப் மாங்காடு," என்றேன்.

வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது.

"நோ ஆபரேஷன், நோ மாங்காடு." ராத்திரியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம்.

பிரபு ஒரு டயர் கடை முன்னால் ஓரம் கட்டினான். யாரும் திரும்பவில்லை. நானே பேசினேன், தமிழில்.

"எல்லாம் கேட்டுக்கினுதான் இருந்தேன்மா. நீ என்ன தொரத்தப் பாக்குறேன்னு நெனச்சேன். பத்திரத்த தூக்கினு போயி அடுத்தவன் ஊட்ல வெச்சேன். என்ன மன்னிச்சிரு. நீ போறதுன்னா போ, நான் தடுக்க முடியாது. ஆனா என் கண்ண சாக்கு வெச்சி நாள் குறிக்காத."

பிரபு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். அவன் முதுகு குலுங்குவது எனக்கே தெரிந்தது, இந்தக் கண்ணுக்கே. ஜெனி அவனைத் தொடவில்லை. டிஷ்யூ எடுத்து நடுவில் வைத்தாள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்கிற மாதிரி.

பிறகு என்னிடம் கையை நீட்டினாள். "சட்டையைக் கழட்டிக் குடுங்க மாமா. எறும்பு வரும்."

ஆகஸ்ட் 9, சனி

சின்ன மழை, வந்ததும் போனதும் தெரியவில்லை. செருப்பு வாங்கி வந்தாச்சு. மின்விசிறி சரியாகிவிட்டது. பாகற்காய். மறுபடி பாகற்காய். வெளியே போய் வந்தால் ஜெனி சட்டைப் பையைத் தடவிப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுகிறாள்.

லாவண்யா மிஸ் போன் செய்தாள். ஏன் சார் வரவில்லை, பாதிதானே முடிந்திருக்கிறது. தேவைப்பட்டது தெரிந்துவிட்டது என்றேன்.

பிரபு இன்றும் ஹாலில்தான் படுக்கிறான். எதுவும் சரியாகிவிட்டதாக எழுதினால் பொய்.

ராத்திரி சாப்பாட்டில் சண்டை. ஜெனி ஏதோ கேட்டாள், அவன் போனைப் பார்த்துக்கொண்டே உம் என்றான். அவள் தலையைத் திருப்பினாள், பழக்க தோஷத்தில் "பிகாஸ்" என்று ஆரம்பித்தாள், என்னைப் பார்த்தாள், நிறுத்தினாள்.

"ஏன்னா நான் பேசுனா நீ கேக்கறதே இல்ல. அதான்." தமிழில், சத்தமாக.

"நான் எப்ப கேக்கல? நீ எப்ப சொன்ன?" இவனும் கத்தினான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"உக்காருங்க மாமா," என்றாள் ஜெனி. "இன்னும் முடியல."

உட்கார்ந்தேன். பாகற்காயும் முடியவில்லை, சண்டையும் முடியவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. புதுத் தேதி வாங்க இன்னும் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யவில்லை.